ஈஸ்டருக்கு வீட்டுலயே மிட்டாய், சாக்லேட் முட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டர் நெருங்க நெருங்க எனக்கு வர்ற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு, சாக்லேட் கட்டியாயிடுச்சு, முட்டை அச்சுல ஒட்டிக்கிச்சு, பாகு மணல் மாதிரி ஆயிடுச்சுனு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் இங்க மொத்தமா கொட்டியிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்க சட்டில இப்ப என்ன கருகுதோ அந்த கேள்விக்கு நேரா போங்க.

முதல் தடவை பண்ணப்போறேன், எதுல ஆரம்பிக்கலாம்?

குருவிக்கூடு. சத்தியமா அதுல மட்டும் ஆரம்பிங்க. 200 கிராம் சாக்லேட், 50 கிராம் வெண்ணெய், ரெண்டு டேபிள்ஸ்பூன் தேன், மூணையும் ஒண்ணா உருக்கி 100 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸ்ல ஊத்தி நொறுங்காம கலந்து, கப்கேக் பேப்பர்ல ஒவ்வொரு கரண்டியா போட்டு நடுவுல விரலால ஒரு குழி பண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வெச்சா 12 கூடு வரும். குழில மூணு குட்டி சாக்லேட் முட்டை வெச்சா முடிஞ்சுது. டெம்பரிங் (சாக்லேட்டை அளவா சூடாக்கி ஆற வைக்கறது, கீழ விவரமா சொல்றேன்) வேணாம், தெர்மாமீட்டர் வேணாம், கெட்டுப்போறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல.

நான் முதல் வருஷம் என்ன பண்ணேன்னா ஏழு ஐட்டம்னு பேப்பர்ல லிஸ்ட் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சேன். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு அடுப்பு பூரா பாகு, ஒரு கையில கரண்டி, இன்னொரு கையில பாதி உடைஞ்ச முட்டை. காலைல மேசைக்கு வந்தது இந்த கூடு மட்டும்தான். ரெண்டு ஐட்டம் போதும், மூணாவது அடுத்த வருஷம். (தேன் போட்டதை ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு குடுக்காதீங்க, அந்த வயசுல தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம்னு ஒரு ஆபத்து இருக்கு.)

எந்த சாக்லேட் வாங்கணும்? கடைல ரெண்டு விதம் இருக்கே?

பாக்கெட்டை திருப்பி என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு படிங்க. கோக்கோ பட்டர்னு மட்டும் போட்டிருந்தா அது நிஜ சாக்லேட், பாம் கெர்னல் ஆயில், வெஜிடபிள் ஃபேட்னு போட்டிருந்தா அது காம்பவுண்ட். காம்பவுண்டை சும்மா உருக்கி ஊத்தினாலே பளபளனு கெட்டியாயிடும், ஆனா வாயில கொஞ்சம் மெழுகு மாதிரி இருக்கும். நிஜ சாக்லேட் ருசியே வேற, ஆனா அதை டெம்பர் பண்ணியே ஆகணும். குழந்தைங்களோட சேர்ந்து பண்றீங்கன்னா காம்பவுண்ட்ல போங்க, யாரும் உங்களை ஜெயில்ல போடப்போறதில்ல. குழந்தைங்க தூங்கினப்புறம் தனியா உக்காந்து பண்றீங்கன்னா நிஜ சாக்லேட்.

ஒண்ணு மட்டும், சாக்லேட் சிப்ஸ் வாங்காதீங்க. குக்கீக்குள்ள உருவம் கலையாம இருக்கறதுக்குன்னே செஞ்சது அது, கொழுப்பு கம்மி, உருக்கினா கூழு மாதிரி நிக்கும், அச்சுல ஓடாது.

உருக்குறதுக்கு மைக்ரோவேவா, டபுள் பாய்லரா?

ரெண்டும் ஓகே, எனக்கு மைக்ரோவேவ்தான் பிடிக்கும் ஏன்னா அதுல ஆவி இல்ல. பாதி பவர்ல 30 செகண்ட் வெச்சு எடுத்து கிளறி, மறுபடி 20 செகண்ட் வெச்சு கிளறி, முக்கால்வாசி உருகினதும் நிறுத்திடுங்க, மிச்சம் அந்த சூட்டுலயே உருகிடும். பார்க்க உருகாத மாதிரியே இருக்கும், துண்டு துண்டா அப்படியே நிக்கும், ஆனா உள்ள தீஞ்சிருக்கும், அதான் கிளறிக்கிட்டே இருக்க சொல்றேன். டபுள் பாய்லர்னா, அதாவது சூடான தண்ணி இருக்கற பாத்திரத்து மேல இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்கறதுன்னா, கீழ இருக்கற தண்ணி மேல் பாத்திரத்தோட அடியை தொடக்கூடாது, தளதளனு கொதிக்கவும் கூடாது, பாத்திரத்தை தூக்கினதும் அடியை துணியால துடைச்சுட்டு அப்புறம் கவிழ்க்கணும்.

நல்லா உருகிட்டிருந்த சாக்லேட் திடீர்னு மண்ணு மாதிரி கட்டியாயிடுச்சு, ஏன்?

தண்ணி பட்டிருக்கு. ஈர ஸ்பூன், ஆவி, தண்ணில கரைச்ச ஃபுட் கலர், இந்த மூணுல ஒண்ணா இருக்கும். சாக்லேட்டுங்கறது கொழுப்புக்குள்ள சர்க்கரை தூளும் கோக்கோ தூளும் மிதக்கற ஒரு சமாச்சாரம், தண்ணியே இல்லாத இடம் அது. அங்க ரெண்டு சொட்டு தண்ணி விழுந்தா சர்க்கரை எல்லாம் ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உருண்டையாயிடும். வேடிக்கை என்னன்னா ரெண்டு சொட்டு விழுந்தா பாழ், நிறைய ஊத்தினா சரியாயிடும்! சூடான பாலோ க்ரீமோ ஒவ்வொரு ஸ்பூனா ஊத்தி கிளறிக்கிட்டே வாங்க, சாஸ் மாதிரி வழவழனு வந்துடும். ஆனா அது இனிமே அச்சுல ஊத்த ஆகாது, ஐஸ்க்ரீம் மேல ஊத்தலாம். தூக்கி மட்டும் போட்டுடாதீங்க.

டெம்பரிங் டெம்பரிங்னு பயமுறுத்துறாங்களே, அப்படின்னா என்ன?

கோக்கோ பட்டர் கெட்டியாகும்போது ஆறு விதமான படிகமா உறையும், அதுல அஞ்சாவது விதம்தான் நமக்கு வேணும். அதுதான் பளபளப்பு, உடைச்சா டக்குனு சத்தம், அச்சுலேர்ந்து தானா கழண்டு வர்றது எல்லாமே. அது உருகறது 33, 34 டிகிரி கிட்ட, நம்ம உடம்பு சூடு 37, அதனாலதான் கையில கொஞ்ச நேரம் தாங்கி வாயில போட்டதும் கரையுது. சும்மா உருக்கி ஊத்தினா மத்த படிகங்களும் கலந்து உறைஞ்சு மங்கலா, மெத்துனு, தொட்டா விரல்ல ஒட்டற மாதிரி வரும்.

வீட்டுல பண்றதுக்கு சுலபம் விதை போடற முறை. 500 கிராம் டார்க் சாக்லேட்னா 350 கிராமை 45லேர்ந்து 48 டிகிரி வரைக்கும் உருக்குங்க, பழைய படிகம் எல்லாம் கரைஞ்சுடும். அடுப்புலேர்ந்து இறக்கி மிச்சம் 150 கிராமை பொடியா நறுக்கினதை கொஞ்சம் கொஞ்சமா போட்டு கிளறிக்கிட்டே இருங்க. அந்த 150 கிராம் ஏற்கனவே சரியா உறைஞ்ச சாக்லேட், அதுலேர்ந்து மத்ததெல்லாம் கத்துக்கும், தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான். 28 டிகிரிக்கு வந்ததும் ரொம்ப லேசா சூடு பண்ணி 31, 32ல நிறுத்தி அந்த சூட்டுலயே வேலை பாருங்க. மில்க் சாக்லேட்னா 45 வரைக்கும் உருக்கி, 27க்கு இறக்கி, 29 30ல வேலை. வெள்ளை சாக்லேட் இன்னும் நோஞ்சான், 40 தாண்டினதும் உஷாராயிடுங்க, 26க்கு இறக்கி 28 29ல வேலை. 34க்கு மேல போயிடுச்சுன்னா விதை எல்லாம் கரைஞ்சுபோச்சு, முதல்லேர்ந்துதான். எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா சாக்லேட் ஒண்ணும் வீணாகல, அதையே திரும்ப உருக்கிக்கலாம்.

என்கிட்ட தெர்மாமீட்டர் இல்லையே?

கீழ் உதட்டுக்கு அடியில ஒரு துளி வெச்சு பாருங்க, லேசா குளிர்ச்சியா தெரிஞ்சா கிட்டத்தட்ட சரி, வெதுவெதுன்னா இன்னும் ஆறணும். அதோட ஒரு கத்தி நுனியை முக்கி மேசைல வைங்க, அஞ்சு நிமிஷத்துல பளபளப்பு மாறாம காஞ்சுடுச்சுன்னா டெம்பர் ஆயிடுச்சு, கோடு கோடா மங்கினா ஆகல. கத்தி டெஸ்ட்டை தெர்மாமீட்டர் இருந்தாலும் பண்ணுங்க, நான் மீட்டரை விட கத்தியைத்தான் நம்புவேன்.

மறுநாள் முட்டை மேல வெள்ளையா படிஞ்சிருக்கு, பூஞ்சையா?

பூஞ்சை இல்ல, தாராளமா சாப்பிடலாம். விரலால தேய்ச்சு பாருங்க, வழவழனு கரைஞ்சா அது கொழுப்பு மேல வந்தது, டெம்பர் சரியில்ல இல்லன்னா சூடான இடத்துல வெச்சிருக்கீங்க. சொரசொரனு இருந்தா அது சர்க்கரை, ஃப்ரிட்ஜ்லேர்ந்து வெளிய எடுத்ததும் வேர்த்து, அந்த ஈரத்துல சர்க்கரை கரைஞ்சு, தண்ணி காஞ்சதும் படிகமா மேலயே நின்னுடுச்சு.

உள்ள காலியா இருக்கற பெரிய முட்டை எப்படி பண்றது?

இதுதான் எல்லாரும் ஆசைப்படறது. அச்சு ரெண்டு விதம், வளையற சிலிக்கான், வளையாத பாலிகார்பனேட். பளபளப்பு வேணும்னா பாலிகார்பனேட்தான், சிலிக்கான்ல எடுக்கறது ஈசி ஆனா பெரிய முட்டைக்கு அது தொளதொளனு ஆடி தொல்லை பண்ணும்.

அச்சை கழுவி ஒரு ஈரம் இல்லாம காய வெச்சு, பஞ்சால உள்பக்கம் நல்லா பாலீஷ் போடுங்க. எண்ணெய் கிண்ணெய் எதுவும் தடவாதீங்க. அச்சு ரூம் சூட்டுல இருக்கணும், ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா எடுத்து ஊத்தினா பளபளப்பு போயிடும். டெம்பர் பண்ண சாக்லேட்டை முதல்ல ஒரு ப்ரஷ்ஷால மெல்லிசா பூசுங்க, இது எதுக்குன்னா மேல்பக்கம் காத்துக்குமிழி ஓட்டை வராம இருக்க. அது லேசா இறுகினதும் விளிம்பு வரை ஊத்தி, அச்சை மேசைல டொக்கு டொக்குனு தட்டி, ஒரு நிமிஷம் கழிச்சு பாத்திரத்துக்கு மேல கவிழ்த்து வடிய விடுங்க. விளிம்பை கத்தியால வழிச்சு சுத்தம் பண்ணுங்க, விளிம்புதான் முக்கியம், பின்னாடி ரெண்டு பாதியும் ஒட்டப்போறது அங்கதான். ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம், வெளிய எடுத்து இன்னொரு தடவை இதே மாதிரி. பெரிய முட்டைக்கு ஒரு கோட் பத்தாது, எடுக்கும்போதே கையில நொறுங்கும், அனுபவத்துல சொல்றேன். ஒரு சாண் உயரத்துக்கு கொஞ்சம் கம்மியான முட்டைக்கு 150லேர்ந்து 200 கிராம் உள்ள போகும், ஆனா ஊத்தி கவிழ்க்கறதுக்கு அதை விட ரெண்டு மடங்கு கையில வெச்சுக்கணும்.

ஒட்டறதுக்கு ஒரு ஸ்டீல் தட்டை வெந்நீர் பாத்திரத்து மேல வெச்சு சூடு பண்ணி நல்லா துடைச்சுட்டு, ரெண்டு பாதியோட விளிம்பையும் ஒரு செகண்ட் அதுல வெச்சு எடுத்து அப்படியே சேர்த்து அமுக்குங்க. அதுக்கு முன்னாடி உள்ள குட்டி மிட்டாயோ ஒரு சீட்டோ போட மறந்துடாதீங்க. ஒட்டினப்புறம் ஞாபகம் வந்து தலைல அடிச்சுக்கிட்டது நான் மட்டும் இல்லன்னு நினைக்கறேன். கையுறை போட்டுக்கிட்டா விரல் ரேகை விழாது.

அச்சுலேர்ந்து வரவே மாட்டேங்குது!

பொறுங்க, கத்தி போட்டு நெம்பாதீங்க, அச்சுல கீறல் விழுந்தா அடுத்த முட்டைலயும் அந்த கீறல் வரும். டெம்பர் ஆன சாக்லேட் இறுகும்போது சுருங்கும், சுருங்கினா அச்சை விட்டு விலகும், பின்பக்கத்துலேர்ந்து பார்த்தா கண்ணாடி மூச்சு பட்ட மாதிரி மங்கலா தெரியும். அப்படி தெரியாம ஈரமா ஒட்டின மாதிரி இருக்கற இடம் இன்னும் விடலன்னு அர்த்தம், இன்னொரு பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. அப்பவும் வரலன்னா டெம்பர் ஆகல, ஃப்ரீஸர்ல பத்து நிமிஷம் வெச்சு தட்டி பாருங்க, உடைஞ்சு வந்தா வரட்டும்.

கடைல விக்கற, உள்ள வெள்ளை மஞ்சள் க்ரீம் இருக்கற முட்டை வீட்டுல வருமா?

வரும், அச்சு கூட வேணாம். 60 கிராம் மெத்துனு இருக்கற வெண்ணெய், 120 மில்லி குளுக்கோஸ் சிரப், ஒரு டீஸ்பூன் வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு, இதெல்லாம் அடிச்சு 350 கிராம் ஐஸிங் சுகர் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து பிசைங்க. மூணுல ஒரு பங்கை எடுத்து மஞ்சள் கலர் போட்டு ரெண்டையும் ஃப்ரீஸர்ல அரை மணி நேரம். மஞ்சளை கோலிக்குண்டு சைஸ்ல உருட்டி, வெள்ளையை தட்டி அதுக்குள்ள வெச்சு மூடி முட்டை வடிவம் பண்ணி மறுபடி ஃப்ரீஸர். இது ஒட்டும், கையெல்லாம் ஒட்டும், திட்டிக்கிட்டே பண்ணுவீங்க, உள்ளங்கைல கொஞ்சம் ஐஸிங் சுகர் தூவிக்கோங்க.

முக்கியமான இடம் இதுதான். ஃப்ரீஸர்லேர்ந்து எடுத்த உடனே சாக்லேட்ல முக்கினா மறுநாள் எல்லா முட்டையும் கீறல் விட்டு ஒழுகும், ஏன்னா சாக்லேட் உடனே இறுகிடுது, உள்ள இருக்கற க்ரீம் சூடாக சூடாக உப்பி அதை பிளந்துடுது. பத்து நிமிஷம் வெளிய வெச்சு, கெட்டியா ஆனா ரொம்ப ஜில்லுனு இல்லாம இருக்கும்போது முக்குங்க. ஃபோர்க் மேல வெச்சு முக்கி, அடியை பாத்திரத்து விளிம்புல வழிச்சு, பேப்பர்ல இறக்குங்க. கடை முட்டை மாதிரி உள்ள ஒழுகற பதத்துக்கு வராது, மெத்துனுதான் இருக்கும். இந்த மாதிரி க்ரீம் மிட்டாய்ல ஃபேக்டரிக்காரங்க இன்வர்டேஸ்னு ஒரு என்ஸைம் சேர்ப்பாங்க, அது உள்ள இருந்துக்கிட்டே சர்க்கரையை உடைச்சு நாள் போகப்போக இளக்கிடும்.

நிஜ முட்டை ஓட்டுக்குள்ள சாக்லேட் ஊத்தறாங்களே, அது எப்படி?

எனக்கு ரொம்ப பிடிச்சது இது. பார்க்க சாதா முட்டை, உடைச்சா உள்ள சாக்லேட், பெரியவங்க மூஞ்சியை அப்ப பார்க்கணும். பெருத்த முனைல ஊசியால குத்தி ஒரு சென்டிமீட்டர் ஓட்டை பண்ணி உள்ள இருக்கறதை கொட்டுங்க (ஆம்லெட்டுக்கு ஆச்சு). வெந்நீர்ல கழுவி, உள்ளயும் தண்ணி நிரப்பி, அந்த காலி முட்டையை பாத்திரத்துல போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க, பச்சை முட்டைல சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், இந்த ஸ்டெப்பை தாண்டாதீங்க. கவிழ்த்து ராத்திரி பூரா காய வெச்சா உள்ள ஈரம் போயிடும். அப்புறம் 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100 மில்லி சூடான க்ரீம் ஊத்தி கலந்த கனாஷை பைப்பிங் பையில போட்டு உள்ள இறக்குங்க. முட்டை அட்டைலயே நிக்க வெச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஒரு வாரத்துக்குள்ள சாப்பிட்டுடணும். மில்க் சாக்லேட்ல பண்ணா அதே 100 மில்லிக்கு 250 கிராம், வெள்ளைன்னா 300 கிராம், இல்லன்னா கெட்டியே ஆகாது.

வேர்க்கடலை வெண்ணெய் முட்டை?

250 கிராம் பீனட் பட்டர், 60 கிராம் வெண்ணெய், 200 கிராம் ஐஸிங் சுகர், பிசைஞ்சு முட்டையா தட்டி குளிர வெச்சு சாக்லேட்ல முக்குங்க. வர்ற விருந்தாளில யாருக்காவது நட்ஸ் அலர்ஜி இருந்தா இதை பண்ணவே வேணாம், தனி டப்பால வெச்சா போதும்னு நினைக்காதீங்க, அதே ஃபோர்க்கு அதே சாக்லேட் பாத்திரம்னு எல்லாத்துலயும் கலந்துடும்.

பாகு பதம் புரியவே மாட்டேங்குது. டிகிரி எல்லாம் எதுக்கு?

டிகிரி சொல்றது சூட்டை இல்ல, பாகுல எவ்ளோ தண்ணி மிச்சம் இருக்குங்கறதை. சர்க்கரைத் தண்ணி கொதிக்கக் கொதிக்க தண்ணி ஆவியாகும், தண்ணி குறைய குறைய கொதிக்கற சூடு ஏறும். 106லேர்ந்து 112 வரைக்கும் கம்பிப் பதம். 112 தாண்டி 116 வரைக்கும், குளிர்ந்த தண்ணில ஒரு சொட்டு விட்டா மெத்துனு உருட்ட வரும், அப்ப 85 சதவீதம் சர்க்கரை, ஃபட்ஜ், மார்ஷ்மெல்லோ எல்லாம் இந்த இடம். 118, 120ல உருண்டை கொஞ்சம் உறுதியாகும், அது கேரமலுக்கு. 146 தாண்டினா தண்ணில விட்டதும் டக்குனு உடையும், 99 சதவீதம் சர்க்கரை, லாலிபாப் அங்கதான். அதுக்கப்புறம் நிறம் மாற ஆரம்பிச்சு கருகறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது, ஃபோனை எடுத்தீங்கன்னா போச்சு.

உங்க தெர்மாமீட்டரை முதல்ல கொதிக்கற தண்ணில வெச்சு பாருங்க. 100 காட்டாம 98 காட்டுதுன்னா எல்லா கணக்குலயும் ரெண்டு குறைச்சுக்கோங்க. மலை மேல இருக்கறவங்களுக்கு இது நிஜமாவே மாறும், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணி கொதிக்கற சூடு சுமார் ஒரு டிகிரி இறங்கும். அப்புறம் மழை நாள்ல கெட்டி மிட்டாய் போடாதீங்க, சர்க்கரை காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், ஆறினதும் பிசுபிசுனு ஆயிடும்.

லாலிபாப்புக்கு அளவு?

200 கிராம் சர்க்கரை, 80 கிராம் குளுக்கோஸ் சிரப், 60 மில்லி தண்ணி, 150 டிகிரி. இறக்கி, நுரை அடங்கினதும் கலரும் வாசனையும் சேர்த்து, குச்சி வெச்ச சிலிக்கான் அச்சுல ஊத்துங்க. குழந்தைங்க அந்த நேரம் கிச்சன்லயே இருக்கக்கூடாது. கொதிக்கற தண்ணி பட்டா வழிஞ்சு போயிடும், பாகு ஒட்டிக்கிட்டு சுட்டுக்கிட்டே இருக்கும். பட்டுடுச்சுன்னா உடனே குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டணும், ஐஸ் வேணாம், வெண்ணெய், பேஸ்ட் எதுவும் தடவ வேணாம், பெரிசா இருந்தா டாக்டர்கிட்ட போயிடணும்.

பாகு மணல் மணலா ஆயிடுது?

பாத்திரத்து ஓரத்துல ஒரே ஒரு சர்க்கரை துகள் ஒட்டியிருந்து உள்ள விழுந்தா போதும், அதை பார்த்து மத்ததெல்லாம் படிகமாயிடும். சர்க்கரை கரையற வரைக்கும் கிளறுங்க, கொதி வந்தப்புறம் கரண்டியை தூரமா வெச்சுடுங்க. ஓரத்தை ஈர ப்ரஷ்ஷால துடைச்சு விடுங்க. குளுக்கோஸ் சிரப் போட சொல்றதும் இதுக்குத்தான், அது இல்லன்னா சில சொட்டு எலுமிச்சை சாறு. மணலாயிடுச்சுன்னா அழ வேணாம், தண்ணி ஊத்தி கரைச்சு மறுபடி முதல்லேர்ந்து காய்ச்சுங்க.

மார்ஷ்மெல்லோ முயல் பண்ண முடியுமா?

ஸ்டாண்ட் மிக்ஸர் இல்ல நல்ல ஹேண்ட் மிக்ஸர் இருந்தா பண்ணலாம், கையால அடிக்கறேன்னு கிளம்பாதீங்க. 20 கிராம் ஜெலட்டினை (விலங்குகளோட தோல், எலும்புலேர்ந்து எடுக்கற, உறைய வைக்கற தூள்) 120 மில்லி குளிர்ந்த தண்ணில ஊற வைங்க. 300 கிராம் சர்க்கரை, 120 கிராம் குளுக்கோஸ் சிரப், 120 மில்லி தண்ணி சேர்த்து 115 டிகிரி வர வரைக்கும் காய்ச்சி, ஜெலட்டின் மேல மெதுவா ஊத்திக்கிட்டே எட்டு, பத்து நிமிஷம் அடிச்சா வெள்ளை வெளேர்னு உப்பி வரும். மிக்ஸர் கம்பியை தூக்கினா கோடு அழியாம நிக்கணும், அப்ப பைப்பிங் பையில போட்டு உடனே, உடனேன்னா அந்த நிமிஷமே, முயலோ கோழிக்குஞ்சோ பிழிஞ்சுடணும். அஞ்சு நிமிஷம் தாமதிச்சா பைக்குள்ளயே ரப்பர் மாதிரி ஆயிடும். என்னோட முயல் எல்லாம் பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாதிரிதான் வரும், அதனால இப்பல்லாம் தட்டுல பரப்பி ஆறு மணி நேரம் விட்டு குக்கீ கட்டரால முயல் வெட்டிடறேன். சோள மாவும் ஐஸிங் சுகரும் பாதிக்கு பாதி கலந்து தூவினா ஒட்டாது.

ஜெலட்டின் சாப்பிட மாட்டோம், அகர் அகர் (கடல்பாசி) போடலாமா?

ஜெல்லிக்கு தாராளமா போடலாம், மார்ஷ்மெல்லோவுக்கு அப்படியே மாத்தி போட்டா வராது. ஜெலட்டின் இழுத்தா நீளும், அகர் அகர் நீளாது, வெட்டினா டக்குனு வெட்டுப்படும். அகரை நல்லா கொதிக்க வெச்சுத்தான் கரைக்கணும், 40 டிகிரிக்கு கீழ வந்ததும் உறைய ஆரம்பிச்சுடும், ஆனா ஒரு தடவை உறைஞ்சா 85 டிகிரி வரைக்கும் உருகாது, அதனால வெயில் நாள்ல வெளிய வைக்கற ஜெல்லிக்கு அதுதான் உசத்தி.

அன்னாசிப்பழ ஜெல்லி மிட்டாய் உறையவே இல்ல, ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வெச்சேன்.

ரெண்டு ராத்திரி வெச்சாலும் உறையாது. வேக வைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி மூணுலயும் புரதத்தை வெட்டற என்ஸைம் இருக்கு, ஜெலட்டின் புரதம்தான். பழத்தை கொதிக்க வெச்சு ஆற வெச்சு போடுங்க, டின்ல வர்றது ஏற்கனவே சூடு பண்ணது அதனால ஓகே. அகர்ல இந்த பிரச்சனை இல்ல.

சாக்லேட்டுக்கு கலர் எப்படி போடறது?

தண்ணில கரைச்ச கலர் கூடாது, காரணம் மேலயே சொல்லிட்டேன். எண்ணெய்ல கரையற கலர் இல்லன்னா தூள் கலர், அதையும் வெள்ளை சாக்லேட்லதான் போட முடியும். பீட்ரூட் தூள், மஞ்சள் தூள் எல்லாம் போடலாம், மஞ்சள் ஒரு சிட்டிகைக்கு மேல போச்சுன்னா குழம்பு வாசனை வந்துடும், பார்த்துக்கோங்க.

குழந்தைங்களுக்கு என்ன வேலை குடுக்கலாம்?

கார்ன்ஃப்ளேக்ஸ் கலக்கறது, க்ரீம் முட்டைக்கு உள்ள வைக்கறதை உருட்டறது, மேல ஸ்ப்ரிங்கிள்ஸ் தூவறது, பாத்திரம் நக்கறது. ஸ்ப்ரிங்கிள்ஸ் பாட்டிலை அப்படியே கையில குடுக்காதீங்க, ஒரு கிண்ணத்துல கொஞ்சமா கொட்டி குடுங்க. நாலு அஞ்சு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு கெட்டி மிட்டாய், முழு நட்ஸ், முழு மார்ஷ்மெல்லோ, உருண்டையான குட்டி முட்டை எதுவும் வேணாம், தொண்டைல அடைக்கும். கூடு குடுக்கும்போது மேல இருக்கற முட்டையை எடுத்துட்டு குடுங்க.

எத்தனை நாள் முன்னாடி ஆரம்பிக்கணும்? ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

முதல்ல தேதியை பாருங்க, ஈஸ்டர் வருஷா வருஷம் மாறும், மார்ச் 22லேர்ந்து ஏப்ரல் 25க்குள்ள எந்த ஞாயிறு வேணா வரலாம். 2026ல ஏப்ரல் 5, 2027ல மார்ச் 28. ஆர்த்தடாக்ஸ் சபைல இருக்கறவங்களுக்கு வேற தேதி வரலாம், 2026ல அவங்களுக்கு ஏப்ரல் 12.

உள்ள ஒண்ணும் இல்லாத சாக்லேட் முட்டையை ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பண்ணி வெச்சுடலாம். லாலிபாப்பும் அப்படித்தான், ஒவ்வொண்ணையும் தனித்தனியா காத்து புகாம சுத்தி வைக்கணும். மார்ஷ்மெல்லோ ஒரு வாரம் முன்னாடி, க்ரீம் முட்டையும் ஒரு வாரம். கூடு ரெண்டு நாள் முன்னாடி போதும், அதுக்கு மேல போனா கார்ன்ஃப்ளேக்ஸ் நமத்துப்போகும். கனாஷ் இருக்கறதெல்லாம் கடைசி மூணு நாள்ல.

சாக்லேட்டுக்கு பிடிச்ச இடம் 15லேர்ந்து 18 டிகிரி, இருட்டு, வெங்காயம் மசாலா வாசனை இல்லாத இடம், வாசனையை அப்படியே உறிஞ்சிக்கும். வீடு அதை விட சூடா இருந்தா ஃப்ரிட்ஜ்தான் வழி, ஆனா காத்து புகாத டப்பால போட்டு வைங்க, வெளிய எடுத்தா டப்பாவை திறக்காம அப்படியே ரெண்டு மணி நேரம் விடுங்க. வேர்க்கறது டப்பா மேல வேர்த்துட்டு போகட்டும்.

சர்க்கரை இல்லாம பண்ணலாமா?

சர்க்கரை சேர்க்காத சாக்லேட் கிடைக்குது, அதை அச்சுல ஊத்தலாம், டெம்பரிங் அதே மாதிரிதான். நிறைய பிராண்ட்ல சர்க்கரைக்கு பதில் மால்டிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கும், அதிகமா சாப்பிட்டா வயித்தை கலக்கும். சர்க்கரை நோய் இருக்கறவங்க இதையும் கணக்கு வெச்சுதான் சாப்பிடணும், மால்டிட்டாலும் ரத்த சர்க்கரையை கொஞ்சம் ஏத்தும். பாகு காய்ச்சற மிட்டாய்ல சர்க்கரையை எடுத்துட்டா மிட்டாயே இல்ல.

அது சரி, ஈஸ்டருக்கு ஏன் முட்டை?

பழைய காலத்துல தவக்காலத்துல முட்டை சாப்பிடக்கூடாதுன்னு விதி, கோழிக்கு அது தெரியுமா, அது பாட்டுக்கு போட்டுக்கிட்டே இருக்கும், ஈஸ்டர் அன்னிக்கு கூடை கூடையா முட்டை இருக்கும். காலியா இருக்கற கல்லறைக்கும் புது உயிருக்கும் அடையாளமாவும் முட்டையை சொல்லுவாங்க. சாக்லேட் முட்டை ரொம்ப பின்னாடி வந்தது, இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்த ஃப்ரை கம்பெனி 1873ல உள்ள காலியான சாக்லேட் முட்டை போட்டாங்க, 1875ல கேட்பரி.

நாய் ஒரு முட்டையை தின்னுடுச்சு!

படிக்கறதை நிறுத்திட்டு கால்நடை டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. சாக்லேட்ல தியோப்ரோமின்னு ஒண்ணு இருக்கு, நாய் உடம்பு அதை மெதுவாத்தான் வெளியேத்தும், டார்க் சாக்லேட்ல அது ரொம்ப அதிகம். நாயோட எடை, எந்த சாக்லேட், எத்தனை கிராம், எப்ப தின்னுச்சு, இந்த நாலும் கேப்பாங்க. சர்க்கரைக்கு பதில் ஸைலிட்டால் போட்ட மிட்டாய்னா இன்னும் அவசரம். முட்டை தேடற விளையாட்டுக்கு ஒளிச்சு வைக்கறவங்க எத்தனை வெச்சீங்கன்னு எண்ணி வெச்சுக்கோங்க, ஒண்ணு குறைஞ்சா குழந்தை எடுத்துச்சா நாய் எடுத்துச்சான்னு அப்பவாவது தெரியும்.

உடைஞ்ச முட்டை, மிச்ச சாக்லேட் எல்லாம் என்ன பண்றது?

டெம்பர் பண்ண சாக்லேட் மிச்சம் இருந்தா பேப்பர்ல மெல்லிசா பரப்பி, உடைஞ்ச மார்ஷ்மெல்லோ, கூட்டுல போடாம மிஞ்சின கார்ன்ஃப்ளேக்ஸ், ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் தூவி இறுக விட்டு, கையால உடைச்சு டப்பால போடுங்க. தண்ணி படாத சாக்லேட்டை எத்தனை தடவை வேணா திரும்ப உருக்கலாம், அடுத்த தடவைக்கு விதையா கூட போடலாம். கோணலா வந்த முட்டைங்களை தனியா ஒரு தட்டுல போட்டு ராத்திரி கிச்சன் மேசைல வெச்சுட்டு போங்க, காலைல தட்டு காலியாதான் இருக்கும், யார்னு கேக்காதீங்க.